பூனைக்கு யார் ‘மணி’ கட்டுவது?

ஆபீஸில் லீவு கேட்பதற்கென்று பரம்பரை பரம்பரையாகச் சில காரணங்கள் உண்டு. வயிற்று வலி, ஊர்த் திருவிழா, பெண் பார்க்கும் படலம், பாட்டி காலமானது (ஒரு பாட்டிக்கு அதிகபட்சம் இரண்டு தடவை). எதைச் சொன்னாலும் மேனேஜர் முகத்தில் கொஞ்சமாவது அனுதாபம் தெரியும். ‘பூனைக்கு அடிபட்டுவிட்டது, அரை நாள் லீவு வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். செக்‌ஷனே கூடி நின்று சிரிக்கும். நாய் என்றாலாவது ‘அடப் பாவமே’ என்பார்கள். பூனைக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. “பூனைதானே! அதுவே நக்கிச் சரிபண்ணிக்கும், விடுங்க” என்பார்கள்.

சரிபண்ணிக்காது ஸார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பலமாக அடிபட்ட பூனை கையில் இருக்கிறது. ஆபரேஷனா, அமைதியாகப் படுக்க வைத்து வைத்தியமா, ஊசி போட்டு வழியனுப்பி வைப்பதா? ‘சீக்கிரம் சொல்லுங்க’ என்கிறார் டாக்டர். நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட், தேய்மானம், வாராக்கடன் எல்லாவற்றுக்கும் அதில் பேப்பர் உண்டு. இதற்கு இல்லை!

ஆடிட்டர் வந்தார்!

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருப்பது நாலே நாலு வீடுகள் கொண்ட சின்ன அபார்ட்மென்ட். அங்கே ஐந்தாவதாகக் குடியிருந்தது ஒரு சாம்பல் நிறப் பூனை. பெயர் ‘ஆடிட்டர்’. தினமும் நாலு வீட்டுச் சமையலறைக்கும் போய் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும். எதிலும் திருப்தி இருக்காது. ஆனால், கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். வேறு என்ன பெயர் வைக்க முடியும், சொல்லுங்கள்?

2022 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. தெருவில் ஸ்கூல் வேன்களும் தண்ணீர் லாரியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் நேரம். பூனை குறுக்கே போனால் மனுஷனுக்கு ஆகாது என்கிறோம். மனுஷன் குறுக்கே வந்தால் பூனைக்கு என்ன ஆகும் என்று யாரும் பஞ்சாங்கத்தில் எழுதி வைக்கவில்லை. ஒரு மினி வேன் சக்கரம் ஆடிட்டரின் வால் மேல் ஏறி, இடுப்பையும் இடித்துவிட்டது. வேன் நிற்காமல் போய்விட்டது. ஆடிட்டர் முன்னங்கால் இரண்டால் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்குள் வந்து, பைக்குகளுக்கு நடுவில் படுத்துவிட்டது. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

படிக்கட்டு மாநாடு

ஐந்தே நிமிடத்தில் நாலு வீடும் படிக்கட்டில் கூடிவிட்டது. கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை, மணிக்கட்டில் கடிகாரம். எல்லோர் மனசிலும் ஒரே கேள்வி. ஆனால், யாரும் கேட்கவில்லை. இது யார் பூனை?

சாப்பாடு போட்டது நாலு பேர். அதனால் இது நாலு பேர் பூனை. பில் என்று வந்தால் யார் பூனையும் இல்லை. கூட்டுக் கம்பெனி சட்டத்தில் வருகிற பழைய சிக்கல்தான்!

“புத்தூர்க் கட்டு போட்டா நின்னுடும்” என்றார் தரைத்தள ரிடையர்டு ஸார்.

“பூனை பாவம் பொல்லாதது தம்பி. நம்ம கையால ஏதாவது ஆச்சுன்னா தங்கத்துல பூனை செஞ்சு காசியில தானம் குடுக்கணும்பா” என்றார் இரண்டாவது மாடி மாமி.

சவரன் விற்கிற விலைக்கு ஆபரேஷனே மலிவு என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

மூன்றாவது மாடி ஐ.டி. தம்பி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போன் போட்டான். “இடுப்பு எலும்புன்னா தோராயமா 35,000 ஆகும்கறாங்க ஸார்” என்றான். படிக்கட்டில் ஒரு நிமிஷம் மயான அமைதி. ரிடையர்டு ஸார் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த அமைதியை உடைத்தது என் மனைவி. “ஏங்க, அது செத்துப் போறதா இருந்தாலும் வலியில்லாம சாகட்டும். மொதல்ல டாக்டர்கிட்ட போவோம். காசு யாருதுன்னு சாயங்காலம் பேசிக்கலாம்.”

இந்த விஷயத்தில் நான் கேட்ட மிகச் சரியான வார்த்தை அதுதான். ‘எவ்வளவு ஆகும்?’ என்பது நியாயமான கேள்வி. ஆனால், அது முதல் கேள்வி இல்லை.

முதல் அரை மணி நேரம்

இந்த இடத்தில் கொஞ்சம் சீரியஸாகப் படியுங்கள். அடிபட்ட பூனையை வண்டி கொல்லாவிட்டாலும் நம்முடைய நல்லெண்ணம் கொன்றுவிடக்கூடும்.

ஒன்று: தலைவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். குழந்தைக்குத் தரும் சிரப்பும் அதேதான். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். ஐபுரூஃபன், ஆஸ்பிரின் வகையறாக்களும் டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது.

இரண்டு: வாயில் பால், தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருக்கிற பூனைக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும்.

மூன்று: தைலம் தேய்ப்பது, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது இரண்டும் வேண்டாம். உடைந்த எலும்பு உள்ளே இன்னும் குத்தும். ரத்தம் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

நான்கு: வெறுங்கையால் தூக்காதீர்கள். மடியில் தூங்கிய பூனைதானே என்று நினைக்க வேண்டாம். வலியில் அதற்கு ஆளே தெரியாது. ஐ.டி. தம்பி தொட்டான், ஒரே கடி! குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினான். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசியும் ஆரம்பித்தாகிவிட்டது. ரேபிஸ் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்தும் வரும். அறிகுறி வந்த பிறகு அதற்கு வைத்தியம் கிடையாது. அதனால் இதில் மட்டும் ‘பார்த்துக்கலாம்’ என்பதே கூடாது.

சரியான முறை சுலபம். மேலே ஒரு கெட்டித் துண்டைப் போட்டு மூடுங்கள். பரீட்சை அட்டை மாதிரி ஏதாவது ஒன்றை மெதுவாக அடியில் நகர்த்தித் தூக்குங்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். இருட்டாக இருந்தால் பூனைக்குப் பாதி பயம் போய்விடும். ஆடிட்டர் போனது மாமி வீட்டு மிக்ஸி வந்த பெட்டியில்!

இன்னொரு சமாசாரம். பெட்டிக்குள்ளிருந்து ‘குர்ர்... குர்ர்’ என்று சத்தம் வந்தால் ‘பரவாயில்லை, சந்தோஷமா இருக்கு’ என்று ஏமாந்துவிடாதீர்கள். பூனை வலியிலும் பயத்திலும்கூட அப்படிக் குறுகுறுக்கும்.

வேப்பேரியில் ஒரு ஹெட் ஆபீஸ்

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சென்னைவாசிகள் எத்தனை மரியாதையாகப் பெயர் சொன்னாலும், ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது அது ‘வேப்பேரி மாட்டாஸ்பத்திரி’தான். அங்கே ஓ.பி.யில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் அல்சேஷன், நடுவில் கூண்டுக்கிளி. நம்ம கவலை கொஞ்சம் குறைந்தாற்போல இருக்கும்.

“பேஷன்ட் பேரு?” என்று கேட்டார் சீட்டு எழுதுபவர்.

“ஆடிட்டர்.”

“உங்க வேலையைக் கேக்கல ஸார், பூனை பேரு?”

“அதாங்க பேரு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

டாக்டர் ஒரு இளம் பெண்மணி. நான் ‘இடுப்பு எலும்பு மேடம்’ என்று ஆரம்பித்தேன். அவர் இடுப்பைத் தொடவே இல்லை. மூச்சை எண்ணினார். வாயைத் திறந்து ஈறின் நிறம் பார்த்தார். உடம்புச் சூடு பார்த்தார். டிரிப்ஸ் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, கம்பளியால் மூடினார். “எலும்பு காத்திருக்கும் ஸார். மூச்சு காத்திருக்காது” என்றார். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்துப் போயிருந்தாலோ அதுதான் முதல் ஆபத்து. நெஞ்சுக்குள் காற்று கசியலாம், உதரவிதானம் கிழிந்திருக்கலாம், உள்ளே ரத்தம் கசியலாம். இதெல்லாம் கட்டுக்குள் வந்த பிறகுதான் எக்ஸ்ரே, எலும்பு, ஆபரேஷன் எல்லாம். அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆனாலும் ஆகும்.

பிறகு பின்னங்கால் விரலை ஒரு கிடுக்கியால் அழுத்தினார். ஆடிட்டர் காலை இழுத்துக்கொண்டது. “அப்பாடா, உணர்ச்சி இருக்கு!” என்றேன்.

“இருங்க. கால் இழுத்தா மட்டும் போதாது. திரும்பிப் பாக்குதான்னு பாக்கணும்.”

விஷயம் இதுதான். காலை இழுத்துக்கொள்வது கீழ் முதுகிலேயே முடிந்துவிடுகிற வேலை. நம்ம பாஷையில் சொன்னால் லோக்கல் பிராஞ்ச் முடிவு. திரும்பிப் பார்த்துச் சீறினால்தான் தகவல் தண்டுவடம் வழியாக ஹெட் ஆபீஸுக்குப் போகிறது என்று அர்த்தம். இன்னொரு தடவை அழுத்தினார். ஆடிட்டர் தலையைத் திருப்பி டாக்டரைப் பார்த்து ‘ஹ்ஹ்ஸ்’ என்று ஒரு சீறு சீறியது. அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதே இல்லை!

ஆனால், வாலில் உணர்ச்சி இல்லை. அதில்தான் சிக்கல். சக்கரம் ஏறி வால் இழுபட்டால் அடிவாலில் இருக்கிற நரம்புகள் அறுபடும் அல்லது நசுங்கும். சிறுநீர்ப் பைக்கும் மலவாய்க்கும் போகிற நரம்புகள் அதே பேட்டையில்தான் இருக்கின்றன. வால் போனால் பரவாயில்லை. பூனைக்கு அது இல்லாமலும் வாழத் தெரியும். தானாகச் சிறுநீர் போகிற சக்தி திரும்பாவிட்டால்..?

மூன்று கதவுகள்

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. டாக்டர் எங்கள் முன்னால் மூன்று வழிகளை வைத்தார்.

முதல் வழி, பிளேட் வைத்து ஆபரேஷன். சீக்கிரம் நடக்கும். ஆனால், நரம்பை அது சரிபண்ணாது. இரண்டாவது, கூண்டு ஓய்வு. தொடையெலும்பு பொருந்தும் கிண்ணம் உடையாமல் இருந்து, உள்வழியும் குறுகாமல் இருந்தால், பூனையின் இடுப்பு நாலிலிருந்து ஆறு வாரத்தில் தானாகவே சேர்ந்துவிடுவது உண்டு. ஆடிட்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. ஆனால், தினமும் மூன்று நாலு தடவை அடிவயிற்றை அமுக்கி நாம்தான் சிறுநீரை எடுத்துவிட வேண்டும். சுமார் ஒரு மாதத்துக்குள் நரம்பு உயிர் பெறாவிட்டால், அதற்கப்புறம் பெறுவது அபூர்வம். மூன்றாவது, இப்போதே ஊசி.

“செலவைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன்” என்றார் டாக்டர். “வீட்டுல யாரு பாத்துப்பீங்க?”

பாருங்கள், 35,000 ரூபாய் என்றதும் படிக்கட்டில் வாயடைத்துப் போனோமே... உண்மையான பில் அது இல்லை. ஆறு வாரத்துக்கு இரண்டு கை வேண்டும். அதுதான் பில்! பணம் இருந்தும் கை இல்லாத வீட்டில் ஆபரேஷன் பண்ணிய பூனைகூடத் தேறாது. கை இருக்கிற வீட்டில் குறைந்த செலவில் எழுந்து நிற்கவும் செய்யும்.

என் மனைவி சொன்னாள்: “நாலு வாரம் டைம் குடுப்போம். அதுக்குள்ள சரியாகலைன்னா, அப்பவும் நாமதான் இங்க கூட்டிட்டு வரணும். வேற யார் தலையிலயும் கட்டக் கூடாது.”

காலண்டரில் தேதி போட்டோம். இது கணக்குப் பிள்ளை புத்திதான். ஆனால், எந்த வீட்டுக்கும் உதவும். கடனுக்குத் தவணைத் தேதி இருப்பது போல வைத்தியத்துக்கும் ஒரு தேதி வேண்டும். செலவுக்கும் ஒரு எல்லை வேண்டும். இரண்டையும் முதல் நாளே போட வேண்டும். இல்லாவிட்டால் ‘இவ்வளவு செலவழிச்சாச்சே, இப்ப விட்டா வீணாயிடுமே’ என்கிற பேய் பிடித்துக்கொள்ளும். பி.காம். பாஸ் பண்ணின எல்லோருக்கும் தெரியும். போன பணம் போனதுதான். அடுத்த ரூபாயைச் செலவழிப்பதற்கு அது காரணம் ஆகாது. அந்த ரூபாயால் பூனைக்கு இனிமேல் என்ன கிடைக்கும் என்பது ஒன்றுதான் கேள்வி.

பக்கத்து பெஞ்ச் இளைஞன்

நாங்கள் மருந்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் ஒரு இளைஞன். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. மடியில் துண்டு சுற்றிய வெள்ளைப் பூனை. நண்பர்களோடு தங்கியிருக்கிற அறையின் நாலாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்துவிட்டதாம்.

“பூனை எங்கேர்ந்து விழுந்தாலும் காலை ஊணி நிக்கும்னு சொல்வாங்களே ஸார்...” என்றான்.

சொல்வார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு மிருக ஆஸ்பத்திரிக்கு மாடியிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி இரண்டு டாக்டர்கள் 1987-ல் எழுதினார்கள். வைத்தியம் பார்த்த பூனைகளில் 90 சதவீதம் பிழைத்தன. உடனே உலகம் முழுக்க ‘பூனைக்கு ஒன்பது உயிர் நிஜம்தான்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால், கணக்கு தெரிந்தவர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? வந்த பூனைகளின் கணக்கு அது. விழுந்த பூனைகளின் கணக்கு இல்லை. இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பிழைத்தவை சும்மா பிழைக்கவில்லை, அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் நடந்தது.

அவனுடைய பூனை திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் எத்தனை தடவை அழுத்தியும் ஹெட் ஆபீஸிலிருந்து பதில் இல்லை. முதுகெலும்பு இரண்டாக விலகி, தண்டுவடம் அறுந்திருந்தது. நெஞ்சிலும் அடி.

“நான் லோன் போட்டா..?” என்று கேட்டான் அந்தப் பையன்.

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “லோன் போட்டா ஆபரேஷன் பண்ணலாம் தம்பி. ஆனா அந்த நரம்பு திரும்ப வராது. மூச்சும் கஷ்டமா இருக்கு. காசு இல்லாததால இதைப் பண்றோம்னு மட்டும் மனசுல வச்சுக்காதீங்க. காசு இருந்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.”

அவன் வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தான். “ஆமாம்மா... இல்லம்மா, நான் கூடவே இருக்கேன்” என்பது மட்டும் காதில் விழுந்தது. திரும்பி வந்து தலையாட்டினான்.

என்ன நடக்கும் என்று அவனுக்கு டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். முதலில் மயக்கம். பிறகு மயக்க மருந்தே அளவுக்கு மீறிய டோஸில் ரத்தக் குழாய் வழியாக. சில விநாடிகளில் நினைவு போய்விடும், சில நிமிஷங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. கடைசியில் ஒரு துடிப்போ பெருமூச்சோ வரலாம், அது வலி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நிற்பது வேறு, தெரியாமல் நின்று ஆயுசுக்கும் பயந்துகொண்டிருப்பது வேறு. அந்தப் பையன் கடைசிவரை அதன் தலையில் கை வைத்தபடி நின்றான். ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மாமி சொன்ன தங்கப் பூனை ஞாபகம் வந்தது. பாவம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு அவன் கணக்கில் எதுவும் ஏறியிருக்காது. பூனையின் வலியைத் தன் மனசுக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

எழுபதுக்கு எத்தனை?

மனசு குழம்புகிற நேரத்தில் மார்க் போட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அலீஸ் வில்லலோபோஸ் என்கிற அமெரிக்கக் கால்நடை டாக்டர் 2004-ல் வகுத்தது. தீராத நோய் வந்த பிராணிகளுக்காகச் செய்தார். அடிபட்டுக் கிடக்கிற பூனைக்கும் உதவும். ஏழு பாடம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

வலி கட்டுக்குள் இருக்கிறதா, மூச்சு சுலபமாக வருகிறதா?
தானாகச் சாப்பிடுகிறதா?
உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா?
சுத்தமாக இருக்கிறதா, படுக்கைப் புண் உண்டா?
கூப்பிட்டால் கவனிக்கிறதா, எதிலாவது ஆசை தெரிகிறதா?
உதவியோடாவது நகர முடிகிறதா?
கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா?

மொத்தம் எழுபது. முப்பத்தைந்துக்கு மேலே இருந்தால் வைத்தியத்தைத் தொடரலாம். தொடர்ந்து கீழேயே இருந்தால் டாக்டரிடம் மனசு விட்டுப் பேச வேண்டிய நேரம். அடிபட்ட முதல் இரண்டு நாள் மட்டும் மார்க் போடாதீர்கள். அன்றைக்கு எந்தப் பூனையும் ஃபெயில்தான். பிறகு தினமும் ஒரே நேரத்தில், வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டும் போட்டால் பாசம் கிரேஸ் மார்க் கொடுத்துவிடும்!

கேசரி

ஆடிட்டர் ஒரு பெரிய நாய்க் கூண்டில் குடியேறியது. தாவக் கூடாது, ஏறக் கூடாது, ஓடக் கூடாது. பில்லை நாலு வீடும் சமமாகப் பங்கு போட்டது. அதைவிட முக்கியம், கையையும் பங்கு போட்டது. வீட்டிலிருந்தே எழுதுகிறவன் என்பதால் காலை ஷிஃப்டும் மத்தியான ஷிஃப்டும் எனக்கு. சாயங்காலம் மாமி. ராத்திரி ஐ.டி. தம்பி. புத்தூர்க் கட்டு ஸார் சாப்பாட்டுப் பொறுப்பு. அதுவும் சாதாரண வேலை இல்லை. பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போலப் பட்டினி கிடந்தால் அதற்கே கல்லீரல் கெட்டுப்போகும். அதனால் வேகவைத்த மீனைச் சூடு காட்டி, மணம் காட்டி, கெஞ்சிக் கூத்தாடி ஊட்டினார். கல்யாணத்தில் சம்பந்தியைக்கூட அவர் அப்படி உபசரித்திருக்க மாட்டார்.

எட்டாவது நாள் மார்க் முப்பத்தொன்று. பத்தாவது நாள் முப்பத்து மூன்று. சிறுநீர் மட்டும் தானாக வரவில்லை. காலண்டரில் வட்டம் போட்ட தேதியை யாரும் நேராகப் பார்க்கவில்லை.

பதினேழாவது நாள் காலை. கூண்டில் விரித்திருந்த பேப்பரில் பங்குச் சந்தைப் பக்கம் முழுக்க ஈரம். நான் தொடவே இல்லை. தானாகவே! சத்தம் போட்டு நாலு வீட்டையும் கூப்பிட்டேன். மாமி வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேசரி கிண்டினார். ஒரு பூனை ஒன்றுக்குப் போனதற்கு நெய் ஊற்றிக் கேசரி கிண்டிய அபார்ட்மென்ட் வேறெங்காவது இருக்குமா?

உணர்ச்சி வராத வாலைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கூண்டைத் திறந்தபோது, ஆடிட்டர் இடுப்பை ஒரு பக்கமாக ஆட்டி ஆட்டி நடந்து போய் நாலு சமையலறையையும் தணிக்கை செய்தது. வழக்கம்போல எதிலும் திருப்தி இல்லை.

தவறான விடை ஒன்றுதான்

ஆடிட்டர் பிழைத்ததால் நாங்கள் எடுத்த முடிவு சரி, வெள்ளைப் பூனை போனதால் அந்தப் பையன் எடுத்தது தப்பு என்று ஆகிவிடாது. இரண்டு பேரும் ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்டோம். இந்த வலியை அடக்க முடியுமா? பிழைத்தால் அது பூனை மாதிரி வாழுமா? பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? நாலாவதாகத்தான் ‘எவ்வளவு?’ அப்படி வரிசையாகக் கேட்டு வருகிற எந்த விடையும் சரியான விடைதான். ஆபரேஷனும் சரி, கூண்டு ஓய்வும் சரி, வழியனுப்பி வைப்பதும் சரி. கையில் பணம் இல்லை என்று டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்வதும் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சொன்னால்தான் அவரும் அதற்கேற்ற வழி சொல்வார்.

தவறான விடை ஒன்றே ஒன்றுதான். முடிவே எடுக்காமல் இருப்பது. ‘ரெண்டு நாள் பாப்போம்’ என்று மொட்டை மாடியில் ஒரு ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு ஆபீஸ் போவது. ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வருவது. அதற்கும் ஒரு பில் உண்டு. அதைக் கட்டுவது பூனை.

அதனால் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கால்நடை டாக்டரின் நம்பர், ராத்திரியில் திறந்திருக்கிற ஆஸ்பத்திரியின் நம்பர், உங்களால் முடிகிற செலவின் எல்லை... மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, கேஸ் புக்கிங் நம்பர் ஒட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ‘எங்க வீட்டுல பூனையே கிடையாதே’ என்கிறீர்களா?

அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம் ஸார். எந்த வீடு என்று முடிவு செய்வது எப்போதுமே பூனைதான்!